ஆடியில் வந்த ஆவணி

பேசி முடித்த ஒரு பெண்ணின் விவரத் தாள், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளையின் சொந்தப் பெரியப்பா வீட்டுக்கே தபாலில் போய்ச் சேர்ந்தது. 'தங்கள் மகனுக்குப் பொருத்தமான வரன்' என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே பெண்ணின் பெயர் நித்யஸ்ரீ, ஊர் நாட்டரசன்கோட்டை, படிப்பு, உயரம், நட்சத்திரம். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஆனி மாதமே தேவகோட்டையில் கார்த்திகேய சிவம் என்ற பையனைப் பேசி முடித்து, ஆவணிக் கடைசியில் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. தாள் போனது கார்த்திகேய சிவத்தின் பெரியப்பா மகனுக்கு.

பெரியப்பா வீட்டார் தாளை மடித்து எடுத்துக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனார்கள். அங்கே என்ன பேசியிருப்பார்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பெண் வீட்டார் இங்கே கை நனைத்துவிட்டு அந்தப் பக்கம் இன்னும் நல்ல இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே நாட்டரசன்கோட்டைக்குத் தொலைபேசி வந்தது. கல்யாண வேலைகளை நிறுத்தி வைக்கச் சொல்லி.

தப்பு யாருடையது என்று கண்டுபிடிக்கக் காரைக்குடியில் யாருக்கும் சிரமமே இருக்கவில்லை. தாளை அனுப்பியது மெய்யநாதன் செட்டியாரின் வரன் தகவல் நிலையம். அங்கே கணிப்பொறி முன்னால் உட்காருவது ஞானபூரணி. ஆகவே தப்பு ஞானபூரணியுடையது. இது 1995இல் நடந்தது. இன்றைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஞானபூரணிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அப்பா ஞானசேகர் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணை மதுரையில் விடுதியில் சேர்த்துக் கணிப்பொறிப் பட்டயம் படிக்க வைத்தார். கணவர் ஜோசப் ராஜுக்குப் பால் சங்கத்தில் வேலை. செக்காலையில் தேவாலயத்துக்குப் பின்புறத் தெருவில் வாடகைக்கு இருந்தார்கள்.

பூரணி சண்டைக்காரி என்று தெருவில் பெயர். ரேஷன் கடையில் எடைக்கல்லைக் கையில் வாங்கிப் பார்ப்பார். பேருந்தை நிறுத்தம் தாண்டி நிறுத்தினால், இறங்காமல் படியிலேயே நின்று கண்டக்டரிடம் காரணம் கேட்பார். ஒருமுறை தேவாலயத் திருவிழா முடிந்து நன்றி வாசித்தபோது, பந்தல் போட்டவர் பெயரைச் சொன்னார்கள், மூன்று நாள் உட்கார்ந்து பூ கட்டிய பெண்களின் பெயரை விட்டுவிட்டார்கள். பூசை முடிந்ததும் பூரணி பங்குச் சாமியாரிடம் நேரே போய்க் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயர்கள் வாசிக்கப்பட்டன. பூ கட்டினவர்களில் நீ இல்லையே, உனக்கு ஏன் வலிக்கிறது என்று கணவர் கேட்டாராம். "எம் பேரு அதுல இருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றாராம் பூரணி.

அப்படிப்பட்டவரைத்தான் மெய்யநாதன் செட்டியார் வேலைக்கு எடுத்தார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். மலேசியாவில் பல காலம் நிர்வாகம் பார்த்துவிட்டுத் திரும்பியவர், சொந்த ஊரான நெற்குப்பையில் சும்மா இருக்க முடியாமல், தங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு வரன் சொல்லும் நிலையத்தைக் காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மாடியில் தொடங்கினார். சொந்தபந்தமெல்லாம் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று சிதறிக் கிடந்த காலம். பெண் எங்கே இருக்கிறது, பையன் எங்கே இருக்கிறான் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. செட்டியாரின் நிலையம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. மாதம் ஒரு சிறு பத்திரிகையும் போட்டார். அது கடல் கடந்தும் போனது.

அட்டைக் கோப்புகளில் இருந்த விவரம் அத்தனையையும் கணிப்பொறியில் ஏற்றியவர் பூரணி. கோயில், பிரிவு, நட்சத்திரம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் அண்ணன் தங்கை முறை, அவர்களைச் சேர்த்துக் காட்டவே கூடாது என்பதை நிரலிலேயே எழுதி வைத்தார். வரன் தேடி வருகிறவர்களிடம் செட்டியார் இதைப் பெருமையாகச் சொல்வார். சொல்லும்போது 'நம்ம கம்ப்யூட்டர்' என்பார்.

சிக்கல், செட்டியாரின் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது தொடங்கியது. அப்பா தினமும் பேருந்தில் அலைய வேண்டாம் என்று நெற்குப்பை வீட்டுக்கும் ஒரு கணிப்பொறி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா பேருந்தில் அலைவதை நிறுத்தவில்லை. ஆனால் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலேயே ஜாதகம் வாங்கிப் பதிய ஆரம்பித்தார். பெண்ணைப் பெற்றவர்கள் மாடி ஏறி அலுவலகத்துக்கு வருவதைவிட, நெற்குப்பை வீட்டில் அவருடைய மனைவி சாலா ஆச்சியிடம் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவதையே விரும்பினார்கள்.

ஆக, ஒரே விவரம் இரண்டு இடத்தில். அங்கே ஒருவர் சேர்க்கிறார், இங்கே ஒருவர் நீக்குகிறார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் ஒரு பிளாப்பித் தட்டு தினமும் பேருந்தில் போய் வர வேண்டும். செட்டியார் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் பிள்ளையார்பட்டியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, திருநீற்றை மடித்து அதே பையில் வைத்தார். முதல் தட்டு திருநீறு புகுந்து செத்துப்போனது. பூரணி ஒரு சோப்பு டப்பா வாங்கிக் கொடுத்து, தட்டு இதற்குள்தான் வர வேண்டும், திருநீறு இதற்கு வெளியேதான் வர வேண்டும் என்றார். டப்பா எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை நடக்கலாம் என்றும் ஒரு விதி வைத்தார். பகலில் டப்பா காரைக்குடியில், அப்போது பூரணி எழுதுவார். இரவில் டப்பா நெற்குப்பையில், அப்போது செட்டியார் எழுதுவார். இருவரும் ஒரே நேரத்தில் எழுதினால் குழப்பம்தானே.

செட்டியார் ஒருநாள் அவசரத்தில் தலைகீழாக நகல் எடுத்து, புதியதன் மேல் பழையதை எழுதிவிட்டார். அதனால் பூரணி ஒரு காவலும் போட்டார். ஒரு சொல்லைத் தட்டினால் போதும், நிரல் இரண்டு பக்கத்துத் தேதியையும் பார்க்கும். எதன் தேதி பிந்தியதோ அதை வைத்துக்கொள்ளும், முந்தியதை அழிக்கும். மாற்ற ஒன்றுமில்லை என்றால் அதையும் திரையில் ஒரு வரி ஆங்கிலத்தில் சொல்லும். அந்த வரியைப் பார்த்துச் செட்டியார் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு ஓடி இரண்டு முறை பூரணியைக் கூப்பிட்டார். அவர் பயப்படுகிறாரே என்று பூரணி அந்த வரியைத் திரையில் தெரியாமல் செய்துவிட்டார். இந்தக் கதை முழுவதிலும் பூரணி செய்த தப்பு அது ஒன்றுதான். அதை அவரே சொல்வார்.

ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஆடி மாதம் வந்தது.

ஆடியில் யாரும் புது ஜாதகம் பதிய மாட்டார்கள். அலுவலகத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஆனியில் பேசி முடித்தவர்கள் மட்டும் வந்து, எங்கள் பெண் பேரை எடுத்துவிடுங்கள், பையன் பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நித்யஸ்ரீயின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். பூரணி அவர் முன்னாலேயே விசையைத் தட்டி, 'முடிந்தது' என்று போட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். அவர் திருப்தியாகப் படியிறங்கிப் போனார்.

நெற்குப்பை வீட்டிலோ, ஊருக்கு விடுமுறையில் வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஆடியிலும் வந்தார்கள். விடுமுறை முடிந்தால் போய்விட வேண்டுமே. ஜாதகத்தைக் கொடுத்தார்கள், ஆனால் ஆடித் தேதியில் பதிய வேண்டாம் என்றார்கள். சாலா ஆச்சி, தாளை வாங்கி வைத்து ஆவணி பிறந்ததும் பதியலாமே என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். செட்டியாருக்கு அதைவிட நல்ல யோசனை தோன்றியது. கணிப்பொறியில் தேதியை எப்படி மாற்றுவது என்று மகன் சொல்லிக் கொடுத்திருந்தார். செட்டியார் ஆடி நான்காம் தேதியன்று உட்கார்ந்து, ஆவணி முதல் தேதிக்குக் கணிப்பொறியை நகர்த்தினார். வந்தவர்கள் கண் முன்னால் பதிந்து, பதிந்த தேதியையும் காட்டினார். அவர்களுக்கு மகிழ்ச்சி. அவருக்கும் மகிழ்ச்சி. தேதியைத் திரும்பவும் பின்னால் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காரைக்குடியில் இருந்த பூரணியிடம் சொல்ல வேண்டும் என்று சுத்தமாகத் தோன்றவில்லை.

அந்த நிமிடத்திலிருந்து நெற்குப்பைக் கணிப்பொறி காரைக்குடிக்கு நாலு வாரம் முன்னால் ஓடியது. பூரணி பகலெல்லாம் உட்கார்ந்து பேர் நீக்குவார். சாயங்காலம் நிரலைத் தட்டுவார். நிரல் தேதியைப் பார்க்கும். டப்பாவிலுள்ள தட்டில் ஆவணி, அலுவலகத்தில் ஆடி. ஆவணிதான் பிந்தியது என்று பூரணியின் வேலையைத் தட்டில் ஏற்றாமலே விட்டுவிடும். திரையில் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் அதே ஆவணி வந்து அலுவலகத்து ஆடியை அழிக்கும். அப்படி ஒரு மாதம். பூரணி நீக்கிய ஒவ்வொரு பெயரும் மறுநாள் காலை உயிரோடு எழுந்து உட்கார்ந்தது. அலுவலகத்தில் புதிதாக எதுவும் சேராத மாதம் என்பதால், எதுவும் காணாமல் போனதாக யாருக்கும் படவில்லை.

ஆவணி பிறந்தது. நிலையத்தின் வழக்கப்படி அன்றைக்குத்தான் பொருத்தமான வரன்களை அச்சடித்து எல்லா ஊருக்கும் அனுப்புவார்கள். மூட்டை மூட்டையாகத் தபால் போனது. பேசி முடித்த பெண்கள் எல்லாம் அந்த மூட்டைக்குள் இருந்தார்கள். மற்ற வீடுகளில் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். நித்யஸ்ரீயின் தாள்தான் போகக்கூடாத வீட்டுக்குப் போனது.

செய்தி வந்ததும் பூரணி நேரே கணிப்பொறியிடம் போனார். நித்யஸ்ரீ பெயருக்கு எதிரே 'முடிந்தது' இல்லை. ஆடியில் பதிவான ஜாதகங்களைக் காட்டு என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை. செட்டியார் வீட்டில் பதிந்ததாகச் சொன்னவை எங்கே என்று தேடினால், அவை செப்டம்பர் வரைக்கும் ஓடின. இன்னும் வராத நாள்களில் பதிவான ஜாதகங்கள்.

"ஐயா, இன்னிக்கு ஆவணி அஞ்சு. செப்டம்பர் மாசத்துல எப்படிப் பதிஞ்சீக?"

செட்டியார் மறைக்கவே இல்லை. நான்தான் மாற்றினேன் என்றார், நல்ல நாள் பார்த்துப் பதிவது தப்பா என்றார், அதற்கும் நாட்டரசன்கோட்டைப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்றார். பூரணி காகிதத்தில் இரண்டு கட்டம் போட்டு விளக்கினார். ஒருமுறை விளக்கினார், இரண்டுமுறை விளக்கினார்.

"நல்ல நாளுக்குன்னு நீங்க தள்ளி விட்டீக. அது அங்குட்டே நிக்கலையே. ஓடிக்கிட்டே இருக்கு. நேத்து நீங்க பதிஞ்ச ரெண்டும் புரட்டாசியில கெடக்கு."

"புரட்டாசியா?" என்று செட்டியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கிறது என்று கேட்டபோது எழாதவர், இரண்டு ஜாதகம் புரட்டாசியில் விழுந்தது என்றதும் எழுந்தார். அதை இன்றைக்கு நினைத்தாலும் பூரணிக்கு முகம் சிவக்கிறது. செட்டியார் கெட்டவர் இல்லை. அவருக்கு எது கண்ணில் பட்டதோ அதற்கு எழுந்தார், அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு அவர் செய்ததற்கு அந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

தேவகோட்டைக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தாள் போனது நிலையத்தின் தப்பால்தான், பெண் வீட்டார் தேடவில்லை என்று நிலையத்தின் பத்திரிகையில் அச்சாக வேண்டும். ஊர் அறிய வந்த பேச்சு ஊர் அறியப் போக வேண்டும். அந்த வாரம் அச்சுக்குப் போகும் மாத இதழிலேயே வர வேண்டும், அப்போதுதான் குறித்த நாளில் கல்யாணம். நியாயமான நிபந்தனைதான். செட்டியார் அன்றே ஒரு அறிவிப்பு எழுதினார். 'எங்கள் நிலையக் கணிப்பொறி இயக்குநர் திருமதி ஞானபூரணியின் கவனக்குறைவால்' என்று அது தொடங்கியது. அடியில் பூரணி வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட இடம் விட்டிருந்தது.

பூரணி படித்துவிட்டு, இது நடந்தது இல்லையே என்றார். நடந்ததை எழுதினால் தம் பேர் வரும், தம் பேர் வந்தால் நிலையத்தை மூட வேண்டியதுதான் என்றார் செட்டியார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம்.

"ஒம் பேரு போட்டா ஒனக்கு என்னத்தா கொறஞ்சு போகுது? ஒங்க ஆளுக யாரு இதப் படிக்கப் போறாக?"

"நான் படிப்பேன்ல ஐயா" என்றார் பூரணி.

திரையில் வரும் செய்தியை மறைத்தது தன் தப்பு, அதை மட்டும் தன் பெயரில் போடலாம், தேதியை மாற்றியதை மாற்றியவர் பெயரில் போட வேண்டும் என்று பூரணி சொல்லிப் பார்த்தார். அப்படி யார் எழுதுவார்கள், அறிவிப்பு என்ன கோர்ட்டுத் தீர்ப்பா என்று செட்டியார் சிரித்தார். இரண்டு நாள் அலுவலகத்துக்கு வந்தவர் போனவர் எல்லாம் பூரணிக்குப் புத்தி சொன்னார்கள். நம் பெண்ணாக இருந்தால் இன்னொரு பெண்ணின் ஜாதகத்தை இப்படி அலைய விட்டிருப்பாளா என்று ஒருவர் அவர் காதுபடவே கேட்டார். ஒரு கையெழுத்துப் பிடிவாதத்துக்காக ஒரு பெண் மணவறை ஏறாமல் போக வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். கணக்கு எவ்வளவு சாமர்த்தியமாக மாறிவிட்டது பாருங்கள். தேதியைத் தள்ளியவர் நல்லவர். தாளை அனுப்பிய நிலையம் பாவம். கையெழுத்துப் போடாத பூரணிதான் இப்போது கல்யாணத்தைத் தடுக்கிறவர்.

மணவறை ஏறாமல் போக வேண்டுமா என்ற கேள்விதான் அவரைக் குத்தியது. வீட்டில் ஜோசப் ராஜ், போட்டுத் தொலைத்துவிடு, இரண்டு மாதத்தில் மறந்துவிடுவார்கள் என்றார். பூரணி மறுநாள் காலை சிவகங்கைப் பேருந்தில் ஏறி நாட்டரசன்கோட்டைக்குப் போனார்.

நித்யஸ்ரீயின் அம்மா மீனாள் ஆச்சி கதவைத் திறந்து, யார் என்று தெரிந்ததும் முகப்பிலேயே நிறுத்தினார். உட்காரச் சொல்லவில்லை. பந்தல்காரருக்குச் சொல்லி, நிறுத்தி, மறுபடி சொல்லி, மறுபடி நிறுத்தியிருந்த வீடு அது. குற்றம் சொல்ல முடியாது. பூரணி நின்றபடியே நடந்ததைச் சொன்னார். நித்யஸ்ரீயின் அப்பா வந்து பேரை எடுக்கச் சொன்னது, தான் எடுத்தது, அது எப்படித் திரும்பி வந்தது, எல்லாம். ஆச்சிக்குப் பாதி புரிந்தது.

"அவுக பேரோ ஒம் பேரோ, எங்களுக்கு என்னத்தா? பத்திரிகையில வந்தாச் சரி. எம் பொண்ணு கல்யாணம் நடக்கணும்."

"எம் பேரப் போட்டுத்தான் போடுவோம்னு நிக்கிறாக, ஆச்சி. அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லாம அங்குட்டு இருந்துக்கிட்டே மாட்டேன்னு சொன்னா, எனக்கே அது நல்லா இல்ல."

ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பெண் உனக்கு என்ன பாவம் செய்தாள் என்று குரல் உயர்ந்தது. பூரணி நகரவில்லை. அழுகை வந்ததாகவும், இந்த வீட்டில் அழுதால் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்று அடக்கிக்கொண்டதாகவும் பிறகு சொன்னார்.

உள்ளேயிருந்து நித்யஸ்ரீ வந்தது அப்போதுதான். கம்பி போட்ட சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெண். பி.காம். படித்தவள். ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம்.

"ஆத்தா, நம்ம எதுக்கு அழுகுறோம்? நம்ம செய்யாத ஒண்ண நம்ம தலையில போட்டாகன்னுதானே? இவுக தலையில போட்டு அதை எறக்கி வைக்கவா?"

ஆச்சி மகளைப் பார்த்தார். பிறகு பூரணியைப் பார்த்தார். ஒரு நாற்காலியைக் காலால் நகர்த்திப் போட்டார். உட்காரு என்று சொல்லவில்லை, ஆனால் போட்டார்.

காப்பி வந்தது. கேள்விகளும் வந்தன. நித்யஸ்ரீ நறுக்கென்று கேட்டாள், பூரணி நறுக்கென்று சொன்னார். தேதி மாறியதை மெய்யநாதன் செட்டியார் ஒப்புக்கொள்கிறாரா? ஒப்புக்கொள்கிறார், பெருமையாகவே. சாலா ஆச்சிக்குத் தெரியுமா? தெரியும். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மீனாள் ஆச்சி எழுந்துபோய்த் தொலைபேசியைச் சுற்றினார். இவர் வியாபாரக் குடும்பத்துப் பெண். நியாயம் அநியாயம் என்று செட்டியாரிடம் பேசவே இல்லை.

"அண்ணே, அந்தப் பிள்ளை பேரு வேணாம். சம்பளத்துக்கு இருக்கிற பிள்ளை பேரப் போட்டா, தப்பிச்சுக்க எழுதுனதுன்னு தேவகோட்டையில சிரிப்பாக. ஒங்க பேரு வந்தாத்தான் நம்புவாக. நீங்க போடுறீகளா, இல்ல, ஆடியில பதிஞ்சு ஆவணின்னு காட்டுனதை நான் எங்க வீட்டு ஆளுகளுக்கு ஒண்ணொண்ணாச் சொல்லட்டா?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ தெரியாது. ஆச்சி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரிண்ணே, சாலா ஆச்சிய விசாரிச்சேன்னு சொல்லுங்க என்று வைத்துவிட்டார்.

பூரணிக்கு நியாயம் கிடைத்தது இந்த வழியாகத்தான். செய்தவர் பெயரைப் போடுவதுதான் முறை என்று ஒருவரும் சொல்லவில்லை. செட்டியார் பெயருக்கு மதிப்பு அதிகம், பூரணி பெயருக்கு மதிப்பு இல்லை, மதிப்புள்ள பெயரைப் போட்டால்தான் காரியம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் உண்மையும் தற்செயலாக அதே பக்கம் இருந்தது. நித்யஸ்ரீ ஒருத்திதான் வேறு மாதிரி பேசினாள். அவள் பேசியிராவிட்டால் அந்தத் தொலைபேசியை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

அறிவிப்பு வந்தது. 'நிலைய உரிமையாளர் மெய்யநாதன் தமது வீட்டுக் கணிப்பொறியில் தேதியை மாற்றி வைத்ததால்' என்று தெளிவாகவே வந்தது. பின் அட்டையின் உள்பக்கம், சிறிய எழுத்தில். தேவகோட்டைக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆவணிக் கடைசியில் கல்யாணம் நடந்தது. பூரணிக்கு அழைப்பு வந்தது, போய் வந்தார். நிலையத்தையும் மூடவில்லை. செட்டியார் பயந்ததில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் கேலி பேசினார்கள், அவ்வளவுதான். அவர் பெயருக்கு அதைத் தாங்கும் வலு இருந்தது.

அந்த இதழ் அச்சாவதற்குள் பூரணி, ஆடியில் பேர் நீக்கச் சொன்னவர்களின் வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி செய்து, ஒவ்வொன்றையும் திரும்ப நீக்கி, நெற்குப்பைக்கும் போய்த் தேதியைச் சரிசெய்து, இரண்டு கணிப்பொறியையும் ஒன்றாக்கினார். மறைத்த ஆங்கில வரியைத் தமிழாக்கித் திரையில் பெரிதாக வரும்படி வைத்தார். சாலா ஆச்சி அன்று அவரைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். நான் அப்பவே தாளை வாங்கி வைங்கன்னு சொன்னேன் என்று பரிமாறும்போது மூன்று முறை சொன்னாராம். அதை நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கலாமே ஆச்சி என்று பூரணி கேட்டாராம். ஆச்சி இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாராம்.

இதழ் கைக்கு வந்தபோதுதான் பூரணி முழுவதையும் பார்த்தார். அறிவிப்புக்கு நேர் கீழே ஒரு கட்டம். 'கணிப்பொறி இயக்கத் தெரிந்தவர் தேவை. நம்மவர்களுக்கு முன்னுரிமை.'

என்ன ஐயா இது என்று கேட்டார். உனக்குத் துணைக்கு ஒரு ஆள்தானே என்றார் செட்டியார், அவர் முகத்தைப் பார்க்காமல். துணைக்கு வருகிற ஆளுக்கு எந்த ஆள் என்று எதற்குப் பார்க்க வேண்டும்? தேதியை மாற்றிய கை எந்த ஆளுடைய கை? பூரணி இதையெல்லாம் கேட்கவில்லை. ரேஷன் கடையிலும் பேருந்திலும் கேட்டவர் இங்கே கேட்கவில்லை. சோப்பு டப்பாவை மேசை மேல் வைத்துவிட்டு, மாதக் கடைசி வரைக்கும் வேலை பார்த்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். போகாதே என்று செட்டியார் ஒருமுறை சொன்னார். இரண்டாவது முறை சொல்லவில்லை.

இப்போது பூரணி கல்லூரிச் சாலையில் ஒரு கணிப்பொறி மையத்தில் பாடம் நடத்துகிறார். ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் வைப்பது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவர் குரல் கொஞ்சம் ஏறும் என்கிறார்கள். சொல்லாமல் அழிக்கும் நிரலை எழுதுகிறவர்களை வகுப்பில் எழுப்பி நிறுத்திவிடுவாராம்.

அறிவிப்பைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். வதந்தியைக் கேட்டவர்கள் நிறையப் பேர். போன மாதம் திருப்பத்தூர்ப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள் அவரை உற்றுப் பார்த்து, பேசி முடித்த பெண்ணின் ஜாதகத்தை மாற்றி அனுப்பினது நீங்கள்தானே என்று கேட்டிருக்கிறார். முன் இருக்கைக்காரர்களும் திரும்பினார்கள். பூரணி இறங்க வேண்டிய இடம் வர இன்னும் நேரம் இருந்தது.

"இல்லக்கா. நான் எடுத்த பேரு அது. அதைத் திரும்பப் போட்டது வேற ஆளு. யாருன்னு சொல்றேன், கொஞ்சம் இங்குட்டுத் திரும்பி ஒக்காருங்க" என்றார் பூரணி. முன்னால் திரும்பியவர்களையும் பார்த்து, நீங்களும் கேளுங்கள் என்று ஆடி நான்காம் தேதியிலிருந்து ஆரம்பித்தார்.